உஷார்! உங்கள் வீட்டு முகவரியில் எத்தனை ஓட்டு இருக்கிறது?

கட்சி வேலைக்கோ, தேர்தல் கன்சல்டன்ஸி வேலைக்கோ வெளியூர் போய்த் தங்கியிருக்கிறீர்களா? "உன் ஓட்டையும் இங்கேயே மாத்திக்கோ, ஒரு ஃபார்ம்தானே" என்று டீம் லீடர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். இப்படி வெளியூரிலிருந்து வரும் பையன்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் ஓனர்களும் கொஞ்சம் கவனியுங்கள். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அது கையெழுத்துப் போட்டவர் பெயருக்குத்தான் வரும். யோசனை சொன்னவர் அதற்குள் வேறொரு மாநிலத்தில் வேறொரு கட்சிக்கு சர்வே எடுத்துக்கொண்டிருப்பார்.

சும்மா பயமுறுத்தவில்லை. தேர்தல் வியூகத்தையே தொழிலாக வைத்திருந்த பெரிய கையே இதில் சிக்கியிருக்கிறது. 2025 அக்டோபர் 28. பீகார் சட்டமன்றத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவுக்குப் பத்து நாள்கூட இல்லை. ஜன் சுராஜ் கட்சியைத் தொடங்கிய பிரசாந்த் கிஷோருக்கு, கர்கஹர் தொகுதியின் தேர்தல் அதிகாரியிடமிருந்து நோட்டீஸ் போகிறது: மூன்று நாளில் விளக்கம் சொல்லுங்கள். காரணம், அவர் பெயர் இரண்டு மாநில வாக்காளர் பட்டியல்களில் இருந்தது. ஒன்று, பீகாரில் அவருடைய பூர்வீக ஊரான கோனார். இன்னொன்று, கொல்கத்தாவின் பவானிபூர் தொகுதி, 121 காளிகாட் ரோடு. அந்த இரண்டாவது முகவரியில் இருப்பது குடியிருப்பு அல்ல, திரிணாமூல் காங்கிரஸ் அலுவலகம். பவானிபூர் அப்போது மம்தா பானர்ஜியின் தொகுதி. 2021 வங்கத் தேர்தலில் மம்தா பானர்ஜிக்கு வேலை பார்த்தவர் கிஷோர். அதே தேர்தல் சீசனில் அவருடைய ஐ-பேக் நிறுவனம் இங்கே தி.மு.க.வுக்கும் வேலை பார்த்தது நினைவிருக்கும்.

அவர் தரப்பிலும் பதில் இருக்கிறது. 2019-லிருந்தே கர்கஹரில் வாக்காளர் என்றும், கொல்கத்தாவில் இருந்த காலத்தில் அங்கே கார்டு எடுத்ததாகவும் சொன்னார். வங்கத்தில் இருந்த பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பித்தாயிற்று என்றது அவருடைய டீம். வீடு வீடாகப் போய்த் தீவிரத் திருத்தம் செய்தோம் என்கிறீர்களே, என் பெயரை ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று தேர்தல் ஆணையத்தைத் திருப்பிக் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். இரண்டு இடத்திலும் அவர் ஓட்டுப் போட்டார் என்று யாரும் நிரூபிக்கவுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வக்கீல்கள், செய்தித் தொடர்பாளர்கள் என்று ஒரு கட்சியே பின்னால் நிற்கிற மனிதர், "கைது செய்யட்டுமே" என்று சவால் விட்டுவிட்டுப் போகலாம். மாதச் சம்பளத்துக்கு பூத் டேட்டா என்ட்ரி பண்ணுகிற இருபத்து மூன்று வயதுப் பையன் அப்படிச் சொல்ல முடியுமா?

வெளியூர்ப் பணியாளருக்கு உள்ளூர் ஓட்டு எதற்கு என்று கேட்கலாம். கிடைக்கப்போவது ஒரே ஒரு ஓட்டு என்றால் யாரும் மெனக்கெட மாட்டார்கள். விஷயம் வேறு. வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பு பிரசாரம் ஓய்ந்ததும், அந்தத் தொகுதியின் வாக்காளர் அல்லாத கட்சிக்காரர்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். கல்யாண மண்டபம், லாட்ஜ், கெஸ்ட் ஹவுஸ் எல்லாவற்றிலும் சோதனை நடக்கும். கையில் உள்ளூர் ஓட்டர் ஐடி இருந்தால் யாரும் கிளப்ப முடியாது. பூத் ஏஜென்ட் விஷயமும் இருக்கிறது. அந்த வாக்குச்சாவடியிலோ பக்கத்துச் சாவடியிலோ ஆள் கிடைக்காவிட்டால், அதே சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் யாரை வேண்டுமானாலும் ஏஜென்ட்டாக உட்காரவைக்கலாம் என்று ஆணையம் விதியைத் தளர்த்தியிருக்கிறது. ஆக, பட்டியலில் ஏறிவிட்ட வெளியூர்ப் பையன் கடைசி இரண்டு நாளும் ஊரிலேயே இருக்கலாம், பூத்துக்குள்ளும் உட்காரலாம். டீம் லீடரின் ஆசை புரிகிறதா?

சட்டம் என்ன சொல்கிறது? 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேதான் ஓட்டு என்கிறது. ஒரு ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதால் மட்டும் அந்த ஊர் வாக்காளர் ஆகிவிட முடியாது. அதேபோல, தற்காலிகமாக வெளியூர் போனதால் சொந்த ஊர் ஓட்டு போய்விடாது. நான்கு மாதத் தேர்தல் வேலைக்காக மதுரையிலிருந்து கோவைக்குப் போனவரின் ஓட்டு மதுரையில்தான். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருக்கக் கூடாது என்பது 17-வது பிரிவு. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்பது 31-வது பிரிவு.

படிவம் 6-ஐ ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். கடைசியில் இருக்கும் உறுதிமொழியை யாருமே படிப்பதில்லை. முதன்முறையாக விண்ணப்பிக்கிறேன், வேறெந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை, இந்த முகவரியில் இன்ன தேதியிலிருந்து குடியிருக்கிறேன், பொய் சொன்னால் தண்டனை உண்டென்று எனக்குத் தெரியும் – இவ்வளவுக்கும் சேர்த்து அடியில் ஒரே கையெழுத்து. "தெரியாம போட்டுட்டேன் சார்" என்று பிறகு சொல்வதற்கு அந்தப் படிவமே இடம் வைக்கவில்லை. உண்மையிலேயே வீடு மாறியவர்களுக்கு இருப்பது படிவம் 8. அதில் பழைய பதிவுதான் புது முகவரிக்கு மாறும். ஏற்கெனவே ஓட்டு இருப்பவரிடம் ஒருவர் படிவம் 6-ஐ நீட்டுகிறார் என்றால், அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வெளி மாநில இளைஞர்கள் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கி, மற்றவர்களைப் பட்டியலில் சேர்க்கும் வேலை பார்த்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்களும் அதில் உண்டு. வேலையோடு வேலையாக, அந்த வீட்டு முகவரியில் தங்களையும் வாக்காளர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். நிரந்தரமாக இங்கே இருக்கப்போகிறவர்கள்தானா என்று அரசு வழக்கறிஞர் குடைய ஆரம்பித்ததும், ஓட்டை விலக்கிக்கொண்டு வழக்கில்லாமல் தப்பினார்கள். ஒபாமாவின் பிரசாரக் குழு ஊழியர்கள் சிலரும் இப்படித் தங்கள் ஓட்டைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அங்கே கௌரவமாகப் பின்வாங்க ஒரு வழி கிடைத்தது. இங்கே நோட்டீஸுக்கு முன்னால் டி.வி.யில் பெயர் வந்துவிடும்.

இப்போது வீட்டு ஓனர்கள் பக்கம் வருவோம். மாடி போர்ஷன் காலியாக இருக்கும். ஆறு மாதத்துக்கு நல்ல வாடகை, அட்வான்ஸ் ஒரே தவணையில். பத்துப் பன்னிரண்டு பேர் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார்கள், சுவர் ஓரமெல்லாம் லேப்டாப் சார்ஜர். ஒரு நாள் அதில் ஒரு பையன் இறங்கி வருவான். "ஐயா, உங்க கரன்ட் பில் ஜெராக்ஸ் ஒண்ணு வேணும்."

"எதுக்குப்பா?"

"ஆபீஸ்ல கேக்குறாங்கய்யா, அட்ரஸ் ப்ரூஃபுக்கு."

எந்த ஆபீஸ் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஜெராக்ஸின் குறுக்கே எதற்காகத் தருகிறீர்கள் என்று எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள். அவர்கள் காலி செய்துகொண்டு போன பிறகும் அந்தப் பெயர்கள் உங்கள் கதவு எண்ணில் நிற்கும். நாளை எதிர்க்கட்சிக்காரர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரே வீட்டில் இத்தனை ஓட்டு என்று கேமராவோடு நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். 2025 ஆகஸ்டில் பெங்களூரு மகாதேவபுரா தொகுதியில் ஒரே முகவரியில் ஏகப்பட்ட ஓட்டு என்று ராகுல் காந்தி குற்றம்சாட்டியபோது இதுதான் நடந்தது. ஒற்றை அறை வீடுகளின் வாசலில் சேனல்கள் போய் நின்றன.

அதிர்ச்சி தரும் கணக்கு ஒன்று உண்டு. 2025 டிசம்பர் 19-ல் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியல் வந்தபோது 6.41 கோடியாக இருந்த எண்ணிக்கை 5.43 கோடியாக இறங்கியிருந்தது. நீக்கப்பட்ட சுமார் 97 லட்சத்தில், முகவரியில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள் மட்டும் 66 லட்சத்துக்கு மேல். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பதிவானவை 3 லட்சத்தைத் தாண்டின. இவர்களெல்லாம் மோசடிக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் வாடகை வீடு மாறி, பழைய பெயரை எடுக்க மறந்தவர்கள். ஆனால் அப்படி மறந்து கிடக்கிற பெயர்களுக்கு நடுவில்தான், வேண்டுமென்றே சேர்க்கிற பெயர்கள் சுலபமாக ஒளிந்துகொள்ளும்.

இன்னொரு விஷயத்திலும் உஷார். இதைப் படித்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரர் மேல், பெயரை நீக்கச் சொல்லும் படிவம் 7 போடக் கிளம்பாதீர்கள். அவர் இங்கேயே பல வருடமாகக் குடும்பத்தோடு குடியிருந்தால், இங்கே ஓட்டு வைத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. எந்த மாநிலத்தில் பிறந்தார் என்று சட்டம் கேட்பதில்லை. பொய்யான ஆட்சேபனை கொடுத்தாலும் அதே 31-வது பிரிவுதான் பாயும். கர்நாடகத்தின் ஆலந்து தொகுதியில் 2023 தேர்தலுக்கு முன்பு ஆறாயிரத்துச் சொச்சம் நீக்கல் விண்ணப்பங்கள் குவிந்தன. சரிபார்த்தால் அதில் 24 மட்டுமே சரியானவை. போலீஸ் வழக்கு வரைக்கும் போனது. தங்கள் பெயரில் இப்படி ஒரு விண்ணப்பம் போனதே பலருக்குத் தெரியவில்லை. ஆகவே "ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க சார்" என்று டேப்லெட்டோடு வாசலில் நிற்பவர் எந்தக் கட்சி டி-ஷர்ட் போட்டிருந்தாலும் சொல்லாதீர்கள்.

உங்கள் பாகத்தின் வாக்காளர் பட்டியலைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். பெயரை மட்டும் தேடிவிட்டு மூடிவிடாமல், உங்கள் கதவு எண்ணுக்கு நேரே யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் முதலில் பி.எல்.ஓ.விடம், அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கன்வாடி டீச்சரோ பள்ளி ஆசிரியரோதான், தெருவில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். 1950 என்ற உதவி எண்ணுக்கும் பேசலாம்.

ஏற்கெனவே இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பவர்கள், முக்கியமாக முந்தைய தேர்தலுக்கு வேலை பார்த்த ஊரில் பெயரை விட்டுவிட்டு வந்தவர்கள், யாரும் கண்டுபிடிக்கும் முன்பு நீங்களே அந்த ஊர்ப் பெயரை நீக்கப் படிவம் 7 கொடுத்துவிடுங்கள். ஒப்புகை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்துவிட்டோம் என்று கிஷோரின் டீமும்தான் சொன்னது, பெயர் என்னவோ காளிகாட் ரோட்டிலேயே இருந்தது. அடுத்த பட்டியல் வந்ததும் உங்கள் பெயர் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் மறுபடி எழுதிக் கொடுங்கள், இந்தமுறை வாக்காளர் பதிவு அதிகாரியிடம் நேரில், முத்திரை வாங்கிக்கொண்டு.