தலைகீழ் வண்டியும் வானொலியும்

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் நடன விளையாட்டொன்றை வெளியிட்டது. திரையிலே அம்புக்குறி தோன்றும். ஆடுபவர் காலடியிலுள்ள அதே குறியை மிதிக்க வேண்டும். பிற்பாடு அட்டையும் அலுமினியத் தாளும் மின்கம்பியும் கொண்டு அம்மிதிபாயை வீட்டிலேயே செய்தோர் உளர். மிதித்ததும் இரு தாள்கள் ஒட்டும்; மின்சுற்றுப் பூர்த்தியாகும். விளையாட்டுக்கு இத்துணை முயற்சியா என நாம் நகைப்பதற்கில்லை. கைவேலை எதுவாயினும் நன்றே.

அதே ஆண்டில் வன்னியிலும் நம்மவர் மின்கம்பி பொருத்திக்கொண்டிருந்தனர், விளையாட்டுக்காக அன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிலே போரினால் மின்சாரம் அற்றுப்போயிற்று. 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடையினால் பற்றரியும் அரிதாயிற்று. எங்கே குண்டு விழுந்தது என்பதை வேறெவ்வாறு அறிவது? துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றினர். சில்லோடு உராய்ந்த டைனமோ மின்சாரம் தந்தது. ஒருவர் சுழற்ற, வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசை கேட்டனர்.

இதிலுள்ள நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க. டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ற்று ஆடலோட்டம். வானொலி வேண்டுவதோ நேரோட்டம். நான்கு இருவாயிகளைப் பாலம்போல் இணைத்தால் ஓட்டம் ஒருதிசைப்படும். கொள்ளளவியொன்று அதன் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும். பழுதான வானொலியிலிருந்தே இவற்றைக் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் சுழற்றும் கை சீராயிருத்தல் வேண்டும். விரைந்தால் மின்னழுத்தம் மிகுந்து பெட்டி கெடும். தளர்ந்தால் குரல் தேயும். நடனப் பாயில் கால் பிசகினால் புள்ளிதான் குறையும். இங்கே கை ஓய்ந்தால், செய்தியில் வந்த ஊரின் பெயர் கேளாமற் போகும்.