வயலுக்கு எதற்கு வெளிச்சம்?

தேவையில்லாத இடத்திலோ நேரத்திலோ அளவிலோ விழும் செயற்கை வெளிச்சமே ஒளி மாசு எனப்படுகிறது. பெருநகரங்களின் சிக்கலாகவே இது பெரும்பாலும் பேசப்பட்டாலும், நெல்வயலும் ஏரியும் சாலையை ஒட்டியே கிடக்கும் புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் இதை வானத்தைவிட மண்ணோடு சேர்த்துப் பார்ப்பதே பொருந்தும்.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரில் விளையும் நெல், அடிப்படையில் குறும்பகல் தாவரம். அதாவது, இரவு நீள்வதை இலைகள் உணர்ந்த பிறகே அது கதிர் தள்ள ஆயத்தமாகிறது. குறுகிய கால ரகங்களில் இவ்வுணர்வு மங்கிவிட்டது என்றாலும், நீண்ட கால மரபுச் சம்பா ரகங்களில் அது வலுவாகவே நீடிப்பதால், விடிய விடிய விளக்கு விழும் சாலையோரப் பயிர் தழைத்துக்கொண்டே நிற்க, சற்றுத் தள்ளி இருளில் நிற்கும் பயிர் முற்றிவிட, ஒரே வயலை ஒரே நாளில் அறுக்க முடியாமல் போகலாம். ஜப்பானில் இத்தொல்லை பெரிதானதால், யமகுச்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெல்லின் பூப்பைக் குலைக்காத தனி வகை எல்.இ.டி. தெருவிளக்கையே உருவாக்கினர்.

பூச்சிகளின் கணக்கு வேறு. குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி, புகையான், பச்சைத் தத்துப்பூச்சி ஆகிய மூன்றும் வெளிச்சத்தைத் தேடி வருபவை என்பதால்தான் வேளாண் துறையினர் விளக்குப்பொறி வைக்கச் சொல்கின்றனர். ஆனால் பொறியின் அடியில் பூச்சியைக் கொல்ல மண்ணெண்ணெய் கலந்த நீர் இருக்கிறது, தெருவிளக்கின் அடியிலோ நெல்தான் இருக்கிறது. நன்மை செய்யும் பூச்சிகளும் விழுந்து மடியாதிருக்கப் பொறியை முன்னிரவில் சில மணி நேரம் மட்டுமே எரிக்கச் சொல்வதுண்டு. கம்பத்து விளக்குக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை.

வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வலசை வரும் பறவைகள் பலவும் இரவில் பறப்பவை என்பதால் கரையோர விளக்குகள் அவற்றின் திசையைக் குழப்பக்கூடும். பாகூர்க் கொம்யூனின் மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் கடற்கரையில் பொரியும் பங்குனி ஆமைக் குஞ்சுகளோ, அடிவானில் வெளிச்சம் மிகுந்த பக்கமே கடல் என்று கொண்டு ஊர்ப்பக்கம் ஊர்ந்துவிடுகின்றன.

வானத்துக்கும் இங்கே வரலாறு உண்டு. 1689 டிசம்பரில் ஒரு வால்வெள்ளியைப் புதுச்சேரியிலிருந்து தொலைநோக்கியால் கவனித்த சேசு சபைத் துறவி ழான் ரிஷோ, ஆல்பா சென்டாரி என்னும் விண்மீன் உண்மையில் இரட்டை விண்மீன் என்று கண்டறிந்தார். அது இன்றும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிரகாசமானதுதான், மறைந்துவருவது பால்வீதியே. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதைக் காண இயலாத இடங்களில் வாழ்கின்றனர் என்று 2016-இல் வெளியான ஒளி மாசு உலக வரைபடம் கணக்கிட்டது. பகல் வானை நீலமாக்கும் அதே ஒளிச்சிதறலே இரவு வானையும் வெளுக்கச் செய்கிறது என்பதால், நீலம் மிகுந்த 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி., 3000 கெல்வினுக்கு உட்பட்ட இளமஞ்சள் விளக்கைவிடக் கூடுதலாக வானில் பரவுகிறது (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு, எண் உயர உயர நீலம் கூடும்).

பாம்புக்கு அஞ்சி நடக்கும் ஊரில் விளக்கே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. கண்ணைக் கூசவைக்கும் ஹைமாஸ் விளக்கின் கீழ் கண்ணின் பாவை சுருங்கிவிடுவதால், வெளிச்சத்துக்கு அப்பாலுள்ள வரப்பு முன்னைவிட இருட்டாகவே தெரியும். தாழ்ந்த கம்பத்தில் தட்டையாகப் பொருத்தி, வயல் பக்கம் தகடு வைத்து மறைத்த சிறு விளக்கு, குறைந்த மின்சாரத்தில் பாதையை நன்றாகவே காட்டும். இரவு 11 மணிக்கு மேல் அதை மங்கலாக்கலாம். கடை அடைத்த பின்னும் எரியும் புதுச்சேரி எல்லையோர மதுக்கடைப் பெயர்ப்பலகைகளை அணைத்துவிடவே செய்யலாம், அவற்றைப் படிக்க அந்நேரத்தில் ஆளில்லை.

இருக்கும் விளக்குகளை எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றவும் வேண்டியதில்லை. பழுதாகும் விளக்கை மாற்றுவதற்கான ஒப்பந்தப்புள்ளியில், 3000 கெல்வினைத் தாண்டக்கூடாது, கிடைமட்டத்துக்கு மேலே ஒளி செல்லக்கூடாது என்ற இரண்டு வரிகளைக் கொம்யூன் பஞ்சாயத்து சேர்த்துவிட்டால், வயலோரக் கம்பங்களிலிருந்தே மாற்றத்தைத் தொடங்கலாம்.