மாமல்லபுரம் போறதுக்கு முன்னால ஒரு கணக்கு

சுற்றுலா என்றதுமே, "குழு சேமிப்பிலிருந்து எடுப்போமே" என்று ஒரு பேச்சு வரும். வேண்டாங்க. அது உள்கடன் கொடுக்கிற பணம். பயணம் வராதவங்க பங்கும் அதில் இருக்கு. வாரக் கூட்டத்தில் சந்தாவோடு ஆளுக்கு 10 ரூபாய் வாங்கி, தனி நோட்டில் எழுதுவோம். 20 பேருக்கு 40 வாரத்தில் 8,000 ரூபாய் சேரும்.

பல்லவர் கட்டிய கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட்தான். வாங்கிய அன்றைக்கு மட்டும் செல்லும், தொலைச்சிடாதீங்க. ஆளுக்கு 40 ரூபாய், 20 பேருக்கு 800. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. அர்ச்சுனன் தபசு தெருவோரமே இருக்கு, நின்று பார்க்கலாம்.

பெரிய செலவு வேன் வாடகைதான். டிரைவர் பேட்டா, சுங்கம், பார்க்கிங் எல்லாம் அதில் சேர்ந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்க. வழிகாட்டி வைத்தால், ஆள் கணக்கா மொத்தமா என்று பேசி முடித்த பிறகே அவர் பின்னால் நடங்க.