மறைபரப்பு: கோட்டை வழியும் படலை வழியும்

முகாம்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் நாம் நடத்தும் கருத்தரங்குகளில் இளைஞர்கள் தவறாமற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சுவாமி, எங்கட வேதம் வெள்ளைக்காரர் துவக்கோட கொண்டுவந்து தந்ததுதானே?" பெரியவர்கள் இதைக் கேட்டதும் முகஞ்சுளிப்பார்கள். ஆயினும் கேள்வி நியாயமானது. மழுப்பாமல் விடை சொல்லப்பட வேண்டியது.

மறைபரப்பு என்பது, ஒரு மக்களிடையே வேரூன்றிய விசுவாசத்தை, மொழியும் வழக்கமும் வேறான இன்னொரு மக்களிடம் எடுத்துச் செல்வதாகும். கமக்காரருக்கு இதை விளக்குவது இலகு. மிளகாய் நாற்றைப் பிடுங்கி வேறொரு தோட்டத்தில் நடுகிறோம். வேரோடு ஒட்டிய மண் கொஞ்சம் கூடவே வரும். அது தவிர்க்க முடியாதது. ஆனால் நாற்றுமேடை மண் முழுவதையும் அள்ளிவந்து தோட்டத்திற் கொட்டுபவன் கமம் செய்யத் தெரியாதவன். மறைபரப்பின் வரலாறு முழுவதும் இந்த மண் பற்றிய பிணக்குத்தான் என்றாலும் பிழையில்லை. எது நாற்று, எது மேடை மண்?

முதலில் கோட்டை வழியைப் பார்ப்போம். 1542இல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அரசாங்கத்தின் ஆதரவோடு வந்தவர்தாம். எனினும் செபங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பித்து மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பித்தார். அந்தத் தொடர்பால் மன்னாரிலே ஞானஸ்நானம் பெற்ற பல நூறு பேர் 1544இல் யாழ்ப்பாண மன்னனின் படையாற் கொல்லப்பட்டனர். அவர்களைக் காப்பாற்ற எந்தக் கோட்டையும் அன்று இருக்கவில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின்னரோ நிலைமை வேறு. ஆட்சியாளரின் சமயத்திற் சேர்வது அனுகூலமாயிற்று. கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரச உத்தியோகம் இல்லை. ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. காணித்தோம்பு உங்களுக்குத் தெரியும். அதே போல ஆத்துமாக்களுக்கும் ஒரு தோம்பு! 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கெடுபிடி தளர்ந்ததும், தோம்பிற் கிறிஸ்தவராய் நின்றவர்களிற் பெரும்பாலானோர் சைவர்களாகவே வெளிப்பட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. காணியையும் பிள்ளைகளின் உரிமையையும் காப்பாற்ற ஒரு பெயரைப் பதிந்தார்கள், அவ்வளவே. நிவாரண அட்டைக்காகக் கேட்ட கேள்விக்கெல்லாம் "ஓம்" என்று சொல்லியிருப்பவர்களுக்கு இது விளங்கும்.

எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. 1670இல் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் தங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஒதுங்கின என்பது மருதமடுவின் மரபு. அவர்களோடு குருவானவர் இல்லை, ஆயரும் இல்லை. இடம்பெயர்ந்த கமக்காரர்கள்தாம் அந்தத் திருத்தலத்தைத் தொடக்கிவைத்தவர்கள். 2008 ஏப்ரலில் அதே சுரூபம் மீண்டும் சண்டைக்குத் தப்பித் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டதையும், ஓகஸ்டில் மடுவுக்குத் திரும்பியதையும் உங்களிற் பலர் நேரிற் கண்டவர்கள்.

கோட்டையை நம்பாத இன்னொரு வழியும் அக்காலத்திலேயே தமிழகத்தில் தொடங்கியிருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசுசபைக் குரு ரொபேர்ட் தெ நொபிலி, 'பறங்கி' என்ற பெயரே மக்களுக்கு அருவருப்பாயிருப்பதைக் கண்டார். காவி உடுத்து, மரக்கறி மட்டும் உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தத்துவபோதகர் என்ற பெயரோடு வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் நாட்டு வழக்கமா, வேற்றுச் சமய அடையாளமா என்று பெரும் வழக்கு எழுந்தது. 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார், தகுந்த நிபந்தனைகளோடு அவற்றை வைத்துக்கொள்ள அனுமதித்தார். 1659இல் உரோமையின் மறைபரப்புப் பேராயம் இன்னும் தெளிவாகப் பேசியது. விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் முரணாகாத வழக்கங்களை மாற்றும்படி எந்த மக்களையும் வற்புறுத்தலாகாது. ஐரோப்பாவை அங்கே சுமந்துசெல்ல வேண்டாம் என்பதே அதன் சாரம்.

நொபிலி அடிகளின் துணிவை நாம் மெச்சுகிறோம். ஆனால் அவர் நுழைந்த வாசல் உயர்சாதியாரின் வாசல். ஏழைகளோடு வெளிப்படையாகப் பழக அந்த வேடம் இடந்தரவில்லை. அவர்களுக்கென்று 1640 முதல் 'பண்டார சுவாமிகள்' என்ற வேறொரு வகைக் குருக்களை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. பண்பாட்டை மதிக்கப்போய் அதன் சாதிச் சுவரையும் சேர்த்து மதித்துவிட்டால் வரும் வினை இது. நம் பங்குகள் இன்னும் அதை அறுத்து முடிக்கவில்லை.

இனி யோசேவாஸ் முனிவர். 1651இல் கோவாவிற் பிராமண வம்சத்துக் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர், கொங்கணி பேசியவர். அக்காலத்தில் ஐரோப்பியத் துறவற சபைகள் சுதேச குருக்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே கோவாவின் சுதேச குருக்கள் தாங்களே ஒரு ஓரற்றோரியன் சபையாகக் கூடினார்கள். அதிலிருந்துதான் இவர் புறப்பட்டார். இலங்கையில் முப்பது வருடமாகக் குருவானவரே இல்லை என்று கேள்விப்பட்டுத் தமிழ் கற்றார். 1687இல் பாரந்தூக்கும் கூலியாளின் உடையிலே, யோவான் என்ற துணையாளுடன் யாழ்ப்பாணம் வந்திறங்கினார்.

வந்ததும் கடும் வயிற்றோட்டம். தொற்றிவிடும் என்று பயந்து ஊரார் அவரை ஒதுக்கினர். ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றியதாக அவரது சரிதை சொல்கிறது. இந்த இடத்திற் சற்று நிற்போம். கோட்டை வழி வந்தவருக்குக் கொடுக்கவும் கட்டளையிடவும் இருந்தது. இவருக்கோ கஞ்சி வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வாங்கத் தெரிந்தவனுக்கே அந்த வீட்டின் மொழியும் துயரமும் பிடிபடும். வாகனத்தில் வந்து, படிவத்தை நிரப்பி, வெயில் ஏறமுன் திரும்பிவிடும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கும் (நாமும் அந்த வர்க்கத்திற் சேர்ந்தவர்கள்தாம்) இந்தக் கஞ்சிக் கதையைப் படிப்பிக்க வேண்டும்.

பின்னர் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு படலை படலையாகப் பிச்சை கேட்டுப் போனார். மாலையைக் கண்டதும் எந்த வீட்டாரின் கண்கள் மாறுகின்றன என்று பார்த்தார். மறைந்திருந்த கத்தோலிக்கரை அப்படித்தான் கண்டுபிடித்தார். சில்லாலை மக்கள் அவரைத் தங்களிடையே மறைத்துவைத்தனர். பகலில் மறைவு, இரவிற் பூசை. 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் சுற்றிவளைத்தபோது சுவாமி தப்பினார். அகப்பட்ட விசுவாசிகள் சிறையிலும் கசையடியிலும் வதைப்பட்டனர். விசுவாசத்தைக் கொண்டுவந்தவர் ஒருவர். அதற்கு விலை கொடுத்தவர்கள் பலர். சரித்திரப் புத்தகங்கள் முதலாமவரின் பெயரை மட்டும் எழுதிவைக்கின்றன.

புத்தளம் சென்று, 1692இற் கண்டியை அடைந்ததும் போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள். காவலிலிருந்தபடியே சிங்களம் கற்றார். பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியன் இவரைக் கவனித்துப் பார்த்து, படிப்படியாக நடமாடும் உரிமை கொடுத்தான். கிறிஸ்தவர்களாகிய ஒல்லாந்தர் துரத்திய குருவுக்குப் பௌத்த அரசன் அடைக்கலம் தந்தான்! 1697இல் அம்மைநோய் பரவியபோது அரசனும் பிரதானிகளும் தலைநகரை விட்டு விலகினர். யோசேவாஸ் முனிவரும் யோசேப் கர்வாலியோ அடிகளும் அங்கேயே தங்கி, கைவிடப்பட்ட நோயாளிகளைச் சமயம் பாராமற் கழுவி, ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தனர். அன்று தொட்டு அவர்களுக்குத் திறக்காத வாசல் குறைவு. 1711 சனவரி 16இற் கண்டியிலேயே அவர் இறந்தார். 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14இற் கொழும்பு காலிமுகத்திடலிற் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

1705இல் வந்து அவரோடு சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், நம் பெரியவர்கள் 'சாங்கோபாங்க சுவாமி' என்று சொல்பவர், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். தவக்காலத்தில் நம் ஊர்களில் இராகமிழுத்து வாசிக்கப்பட்டுவந்த வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. அதைக் கேட்டு அழுத பாட்டிமார் ஒரு கோவாக்காரரின் தமிழுக்கு அழுகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே தம்பிமாரின் கேள்விக்கு விடை: துவக்கோடு வந்ததும் உண்டு, அதிற் பெரும்பகுதி தோம்போடு போயிற்று. நிலைத்து நின்றது பெரும்பாலும் படலை வழி வந்தது. அதை உள்ளே எடுத்துக் காத்தவர்கள் உங்களைப் போன்ற குடும்பங்கள்.

குருவானவர் மாதத்தில் ஒரு தரம் வரும் குடியேற்றங்களில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். யோசேவாஸ் முனிவர் ஒவ்வோர் இடத்தையும் விட்டு நகருமுன் அங்கே ஒரு மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்தினார். செபம் சொல்லுவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது, நோயாளியைச் சந்திப்பது, ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த ஏற்பாடு சிங்களக் கத்தோலிக்கக் கிராமங்களுக்கும் போயிற்று. அங்கேயும் 'முப்பு' என்றும் 'அண்ணாவி' என்றும் நம்முடைய தமிழ்ச் சொல்லாலேயே அவர்களை அழைத்தார்கள்.