ஹைரேஞ்சில் ஏது ரேஞ்ச்?

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் முன்னோர் மொழி. மலைநாட்டில் வாழும் நம்மவர்க்கு இப்பழமொழி வேறோர் உருவில் வந்து சேருகிறது. கருவி பழுதானால் பழி மலையின் மேல்!

குமுளியிலிருந்து அணக்கரை செல்லும் வழியில் உள்ள சக்குபள்ளம் என் ஊர். ஏலத் தோட்டங்களும் அவற்றை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்களும் உள்ள ஊர். சென்ற ஆண்டு என் பெற்றோர் ஏலக்காய் பறித்த கூலியில் மிச்சம் பிடித்து, கல்லூரியில் சேர்ந்த என் தங்கைக்காக ஒரு மேசைக் கணிப்பொறி வாங்கினர். புத்தம் புதிய பெட்டி. ஆனால் அதில் வைஃபை நிலைத்து நிற்கவில்லை. இரண்டு நிமிடம் வரும். மூன்றாம் நிமிடம் போய்விடும். விற்றவரிடம் கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "ஹைரேஞ்சில் ஏது ரேஞ்ச், அண்ணே?" என்றார். அப்பா நம்பினார். தொலைபேசியில் கேட்ட நானும் நம்பினேன். இயற்பியல் படிக்கிறவன் நம்பியதுதான் வெட்கக்கேடு.

அந்த நம்பிக்கைக்கு நாங்கள் கொடுத்த விலை சிறிதன்று. ஒரு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில், சான்றிதழ்களை ஏற்றும்போது தொடர்பு அறுந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் அறுந்தது. மாலை மணி ஐந்து அடித்தது. ஓராண்டு உதவித்தொகை போயிற்று.

விடுமுறைக்கு ஊர் சென்றபோதுதான் நான் உட்கார்ந்து ஆராய்ந்தேன். நான் செய்த சோதனைகளை வரிசையாகக் கூறுகிறேன். விடுதி அறையிலோ வீட்டிலோ உங்கள் பெட்டியும் இதே பாடு படுத்தலாம். ஒரு விதியை மட்டும் முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக, மாற்றியபின் அளந்து பார்க்க. நான்கை ஒருசேர மாற்றினால் நோய் தீரலாம். நோய் எதுவென்று தெரியாது.

*வைஃபை வேறு, இணையம் வேறு*

வெளியுலகிலிருந்து வரும் கம்பி வீட்டிலுள்ள ரவுட்டரில் முடிகிறது. அங்கிருந்து மேசை வரை வருவதே வைஃபை. இவை இரண்டு தனித்தனிச் சாலைகள். எந்தச் சாலை உடைந்தது என்று அறியாமல் செப்பனிடப் புகுவது வீண் வேலை.

இதை அறிய எளிய வழி உண்டு. கணிப்பொறியின் கட்டளைத் திரையில் 'பிங்' என்னும் கட்டளையை ரவுட்டரின் எண்ணுக்கு அனுப்புங்கள். பல வீடுகளில் அவ்வெண் 192.168.1.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளிலும் காணலாம். விடை ஒழுங்காக, சில மில்லி விநாடிகளில் வந்தால் வைஃபை நலமாக உள்ளது. குறை வெளிக் கம்பியில். விடை வராமல் விட்டுவிட்டு வந்தால் குறை வீட்டுக்குள்ளேயே.

அடுத்து, கைபேசியை அதே மேசைமேல் வைத்து, அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் அறுந்தால் ரவுட்டரைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது ரவுட்டர் அணைந்து மீண்டும் எழும். அது முழுதும் எழச் சில நிமிடங்கள் ஆகும். சிறிய பேட்டரி ஒன்று இணைத்தால் இத்தொல்லை தீரும். ஆனால் எங்கள் வீட்டில் கைபேசி அறவில்லை. கணிப்பொறி மட்டுமே அறுந்தது.

இந்த இடத்தில் மலைக்கு விடுதலை கிடைத்துவிட்டது! கைபேசிக் கோபுரத்தின் அலையை மலைமுகடு மறைப்பது உண்மைதான். ஆனால் ரவுட்டருக்கும் மேசைக்கும் இடையே மலை ஏது? பதினைந்தடித் தரையும் ஒரு சுவரும் அல்லவா இருந்தன?

*பெட்டியின் பின்புறம்*

விண்டோஸ் கணிப்பொறி வைஃபையின் வலிமையை நூற்றுக்கு இத்தனை என்று காட்டும். எங்கள் பெட்டி 30-ஐத் தாண்டவில்லை. மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப் பெட்டியைத் திருப்பினேன். பின்புறத்தில் மரையிட்ட இரண்டு பொன்னிற முனைகள் வெறுமையாக நின்றன. எங்கோ பார்த்த நினைவு. பரணில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கிக் கவிழ்த்தேன். பிளாஸ்டிக் பையில் சுற்றிய இரண்டு குட்டி ஆன்டெனாக்கள் உருண்டு விழுந்தன. அவற்றை மாட்ட வேண்டும் என்று எவரும் எங்களிடம் சொல்லவில்லை. திருகி மாட்டினேன். அளவு 80-க்கு ஏறிற்று.

30 எங்கே, 80 எங்கே என்று சாதாரணமாக எண்ணிவிட வேண்டா. விண்டோஸின் அளவுகோலில் 0 என்பது மைனஸ் 100 டெசிபெல்-மில்லிவாட். 100 என்பது மைனஸ் 50. ஆகவே 50 புள்ளி ஏற்றம் என்பது 25 டெசிபெல். பத்து டெசிபெலுக்கு ஆற்றல் பத்து மடங்காகும். கணக்கிட்டால், ஆன்டெனா மாட்டியதால் எங்கள் பெட்டி பெற்ற ஆற்றல் 300 மடங்குக்கும் மேல் உயர்ந்தது! எங்கள் தோட்டத்து மலை அங்குலம் கூட அசையவில்லை.

*ஏன் இரண்டு?*

ஒன்று போதாதா, இரண்டு எதற்கு என்று தங்கை கேட்டாள். இக்கேள்விக்கான விடை நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் போய் முடிகிறது.

பாலக்காட்டு எல்லையை ஒட்டிய பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்தவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் பணியாற்றி, நீரடியில் ஒலியால் கப்பலைக் கண்டறியும் சோனார் கருவியை உருவாக்கும் பணியில் முன்னின்றவர். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அறைக்குள் வானலை சுவரிலும் இரும்பிலும் மோதிப் பல வழிகளில் சிதறி வந்து சேரும். இதனைத் தொல்லை என்றே பொறியாளர் பலரும் கருதி வந்தனர். பல ஆன்டெனாக்களால் அனுப்பிப் பல ஆன்டெனாக்களால் வாங்கினால், வழிகள் வேறுபடுவதைக் கொண்டே வெவ்வேறு செய்திகளை ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பிப் பிரித்தெடுக்கலாம் என்று பால்ராஜ் கண்டார். குறையே நிறையாயிற்று! மலையாளக் குடும்பத்தில் தோன்றிய பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் இணைந்து அவர் பெற்ற காப்புரிமை 1994-இல் வழங்கப்பட்டது. 'மைமோ' எனப்படும் இம்முறை 2009-இல் வெளிவந்த 802.11என் என்னும் வைஃபைத் தரத்தில் இடம்பெற்றது. 2014-இல் பால்ராஜுக்கு மார்கோனி பரிசு கிடைத்தது.

ஒரு தமிழரும் ஒரு மலையாளியும் சேர்ந்து கண்ட உண்மை, ஒவ்வொரு பெட்டியின் பின்னும் இரட்டைக் கொம்பாக நிற்கிறது. எல்லையோரத்தில் வாழும் நாம் அதை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தோம்!

*இரும்புச் சுவரும் அலைச் சந்தையும்*

ஆன்டெனா மாட்டியும் சிலருக்குத் தொல்லை தீராது. பெட்டியின் உடல் இரும்புத் தகடு. அதைக் கால்மாட்டில், சுவர் மூலையில் தள்ளி வைத்தால் ஆன்டெனா தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒளிந்துகொள்கிறது. சுவர் அலையைக் குறைக்கும். இரும்பு தடுத்தே விடும். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சுவர்களை ஊடுருவிச் சென்ற வானலையால் தொலைவில் மணி அடிக்கச் செய்து காட்டினார். சுவர் கடப்பது அலைக்குப் புதிதன்று. தகடு கடப்பது அதனால் இயலாது. ஆகவே பெட்டியை மேசைமேல் ஏற்றுங்கள். நீண்ட கம்பியும் காந்த அடியும் கொண்ட ஆன்டெனாவாயின் அதனை உயரத்தில் வையுங்கள்.

அடுத்தது அலைவரிசை. வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு பட்டைகளில் ஓடுகிறது. முன்னதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், பின்னது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். முன்னது சுவரை நன்கு கடக்கும். ஆனால் அது சந்தைக் கடை! இந்தியாவில் 2005 முதல் உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க பட்டை அது. புளூடூத்தும் அங்கே, மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கே. பின்னதில் நெரிசல் குறைவு, தொலைவும் குறைவு. ரவுட்டர் உள்ள அறையிலோ அடுத்த அறையிலோ பெட்டி இருந்தால் 5-ஐத் தேர்க. இரண்டு மூன்று சுவர் தள்ளி இருந்தால் 2.4-ஐத் தேர்க. 2.4 பட்டையில் சானல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. 1, 6, 11 ஆகிய மூன்றே ஒன்றோடொன்று மோதாதவை. விடுதியில் பத்து ரவுட்டர்களும் 6-ஆம் சானலில் கூவினால் எவர் குரல் எவர்க்குக் கேட்கும்?

*அருகிருந்து கெடுப்பவன்*

எங்கள் பெட்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது. வெளி ஹார்டு டிஸ்கைச் செருகிப் படங்களை நகலெடுக்கும்போது மட்டும் 2.4 வைஃபை தள்ளாடியது. யுஎஸ்பி 3.0 இணைப்பு விநாடிக்கு 500 கோடி பிட்டுகள் வேகத்தில் ஓடுவது. அதிலிருந்து கசியும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பரவுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டது. மருந்து எளிது: டிஸ்கை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வைக்கலாம், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். யுஎஸ்பியில் செருகும் சிறு வைஃபைக் கருவியை வைத்திருப்போர் அதனை நீட்டிப்புக் கம்பியில் இணைத்துப் பெட்டியை விட்டு விலக்கி வைக்க வேண்டும்.

*மென்பொருளின் சோம்பல்*

அளவு நன்றாயிருந்தும், சற்று நேரம் சும்மா விட்டபின் தொடர்பு அறுகிறதா? மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு கணிப்பொறி வைஃபையை உறங்க வைக்கிறது என்று ஐயுறலாம். 'டிவைஸ் மேனேஜர்' என்னும் பகுதியில் வைஃபைக் கருவியைத் திறந்து, மின்சேமிப்புப் பக்கம் இருந்தால், 'இக்கருவியை அணைக்கலாம்' என்னும் குறியை எடுத்துவிடுங்கள். பின் டிரைவரைப் புதுப்பியுங்கள். இணையமே இல்லாதபோது டிரைவரை எப்படி இறக்குவது? கைபேசியில், மதர்போர்டு செய்தவரின் தளத்திலிருந்து இறக்கி, கம்பி வழியாக மாற்றிக் கொள்ளுங்கள். அறியாத தளங்களில் இறக்காதீர்கள். புதிய டிரைவர் வந்தபின் தொல்லை தொடங்கியதாயின், பழையதற்கே திரும்புங்கள்.

இவையெல்லாம் செய்தும் தீரவில்லையா? ஒரு கம்பியை வாங்கி ரவுட்டரிலிருந்து நேரே செருகிவிடுங்கள். மடிக்கணிப்பொறி நடமாடுவது, அதற்கு வைஃபை வேண்டும். மேசைக் கணிப்பொறி எங்கே நடந்து போகப் போகிறது? ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை தயங்காது செல்லும். கம்பியில் நன்றாக ஓடி வைஃபையில் மட்டும் அறுந்தால், வைஃபைக் கருவியே பழுது என்று துணியலாம். அப்போது விற்றவரிடம் உத்தரவாதச் சீட்டோடு போய், எந்தெந்தச் சோதனை செய்தோம் என்று எழுதிக் காட்டுங்கள். அளந்த எண்களின் முன்னே "மலைப்பக்கம் இப்படித்தான்" என்ற பேச்சு எடுபடாது.

நண்பர்களே! கூலியில் மிச்சம் பிடித்த காசில் கருவி வாங்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர். அவ்வீடுகளில், "உங்கள் ஊர் அப்படி" என்று எவரேனும் சொன்னால் எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டியவர்கள் படிக்க வந்த நாம்தாம். நான் இரண்டு மாதம் முன்னதாகக் கேட்டிருந்தால் என் தங்கை ஓராண்டுத் தொகையை இழந்திருக்க மாட்டாள். இவ்வாண்டு விண்ணப்பத்தை அவள் அதே மேசையிலிருந்து, கடைசி நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டாள்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வைஃபை நிற்காத பெட்டி ஒன்று இருந்தால், அதன் முன்புறத்தைப் பார்த்துத் தலையசைக்காதீர்கள். பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பரணில் உள்ள அட்டைப்பெட்டியையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.