உறைபனியில் விரிசல் விட்ட கேரவன் குழாய்... நீங்களே சரிசெய்யலாம்!

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக வந்து, குப்பனூரில் மலையேறத் தொடங்கினால் ஏற்காடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழிக் குளிரில் இங்கே பல் கிடுகிடுக்கும். ஆனால் குழாய்த் தண்ணீர் உறையாது. ஊட்டியிலும் தலைகுந்தாவிலும் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகும். அங்கேகூட வெயில் ஏறியதும் பனி கரைந்துவிடும்.

அதனால்தான் நம் ஊரில் வேனை வீடாக மாற்றும்போது, 'தண்ணீர் உறைந்தால் என்ன ஆகும்?' என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. வெயிலுக்கும் தூசிக்கும் வழி செய்கிறோம். குழாய்களைத் தரைக்கு அடியில், காற்று படும்படி கொண்டு போகிறோம். அதே வண்டி குடும்பத்தோடு காஷ்மீருக்கோ லடாக்குக்கோ போகும்போது சிக்கல் தொடங்குகிறது. காஷ்மீரில் டிசம்பர் 21-ம் தேதி தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்கு 'சில்லாய் கலான்' என்றே தனிப் பெயர் உண்டு. வீட்டுக் குழாய்களே உறைந்துபோகும் காலம் அது.

குளிருக்குப் பழகாத ஊர்தான் குளிரில் அதிகம் அடிபடும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வீசிய பனிப்புயலின்போது மின்சாரம் போய், ஏராளமான வீடுகளில் குழாய்கள் வெடித்தன. டல்லாஸ், ஹூஸ்டன் நகரங்களில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அது மறக்க முடியாத வாரம். கனடாவில் அதைவிடக் கடும் குளிர் வருடா வருடம் வருகிறது. அங்கே கேரவன் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்துக்கு முன்பே குழாய்களைக் காலி செய்துவிடுகிறார்கள். பழக்கம்தான் வித்தியாசம்.

எங்கே வெடிக்கும்?

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவிகிதம் கூடும். குழாயின் நடுவில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய டேப்புக்கும் இடையில் சிக்கிய தண்ணீருக்குப் போக இடமில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், பலவீனமான இடத்தில் விரிசல் விடும். ஆகவே உறைந்த இடமும் உடைந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் பார்க்க வேண்டியவை: பம்ப்பின் தலைப்பகுதி, ஃபில்டரின் பிளாஸ்டிக் கிண்ணம், எல்போ மற்றும் டீ இணைப்புகள், ஷவர் டேப், ஹீட்டர். சி.பி.வி.சி. குழாய் நீளவாக்கில் பிளக்கும். வளையும் தன்மையுள்ள 'பெக்ஸ்' குழாய் ஓரளவு விரிந்து கொடுக்கும்; ஆனால் அதன் இணைப்புகள் உடையலாம்.

இன்னொரு விஷயம், உறைந்திருக்கும் வரை ஒரு சொட்டுகூட ஒழுகாது. பனிக்கட்டியே விரிசலை அடைத்திருக்கும். கரைந்த பிறகுதான் தெரியும். தண்ணீரைக் காலி செய்துவிட்டு வண்டியை ஊருக்கு ஓட்டி வந்தால், அடுத்த பயணத்துக்குத் தண்ணீர் நிரப்பும் அன்றுதான் மெத்தைக்கு அடியில் ஈரம் தெரியும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

குழாய் இன்னும் உறைந்திருந்தால் டேப்பைத் திறந்து வைத்து, ஹேர் டிரையரின் வெதுவெதுப்பான காற்றால் மெதுவாக இளக்கலாம். கேஸ் அடுப்பையோ தீப்பந்தத்தையோ கிட்டே கொண்டு போகவே கூடாது. குழாய் உருகும், மூடிய வேனுக்குள் தீ விபத்து, கார்பன் மோனாக்சைடு என்று உயிருக்கே ஆபத்து.

பிறகு டேங்க்கில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, எல்லா டேப்புகளையும் மூடிவிட்டு பம்ப்பைப் போட வேண்டும். கேரவன்களில் உள்ள 12 வோல்ட் பம்ப், அழுத்தம் ஏறியதும் தானாக நின்றுவிடும். நிற்காமல் ஓடினாலோ, டேப்பைத் திறக்காதபோதே அடிக்கடி 'டர்ர்' என்று ஓடி நின்றாலோ எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

காய்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் தெரிந்துவிடும். பக்கத்தில் மின் ஒயர்கள் போனால், கை வைக்கும் முன் பம்ப்பையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட வேண்டும். ஹீட்டரில் தண்ணீர் முழுவதும் நிரம்பி, ஒழுகவில்லை என்று உறுதியாகும் வரை அதன் சுவிட்சைத் தொட வேண்டாம்.

வெட்டி ஒட்டும் முறை

விரிசல் மேல் எபாக்சி பசையை அப்புவது அன்றைய இரவைத் தள்ளுவதற்கு மட்டுமே உதவும். அழுத்தமும் அதிர்வும் சேர்ந்தால் அது விட்டுவிடும். உடைந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு போடுவதே சரியான வழி.

முதலில் பம்ப்பை நிறுத்தி, டேப்புகளைத் திறந்து அழுத்தத்தை விடுவித்து, தண்ணீரை வடிக்க வேண்டும். விரிசல் முடியும் இடத்தைத் தாண்டி, இரண்டு பக்கமும் சில சென்டிமீட்டர் சேர்த்து நேராக வெட்ட வேண்டும். வெட்டிய துண்டைக் கடைக்கே எடுத்துப் போனால் அளவு மாறாது.

*சி.பி.வி.சி. குழாய்:* வெட்டிய முனையை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, முதலில் பசையில்லாமல் கப்ளிங்கைப் பொருத்திப் பார்க்கவும். பிறகு சி.பி.வி.சி.க்கு உரிய சால்வென்ட்டை இரண்டு பரப்பிலும் தடவி, லேசாகத் திருகியபடி உள்ளே தள்ளி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். டப்பாவில் குறிப்பிட்டுள்ள நேரம் முடியும் முன் தண்ணீர் விடக் கூடாது. சாதாரண பி.வி.சி. பசையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

*பெக்ஸ் குழாய்:* இதற்குப் பசை கிடையாது. உலோக வளையத்தை இறுக்கும் கருவியோ, தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் இணைப்போ வேண்டும். குழாய் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று பேனாவால் குறித்துக்கொண்டு, அந்தக் குறி வரை தள்ள வேண்டும்.

*ரப்பர் அல்லது பின்னல் ஹோஸ்:* நடுவில் பித்தளை ஜாயின்ட் போட்டு, இரு பக்கமும் கிளிப் மாட்டினால் போதும்.

மரை உள்ள இடங்களில் டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் மரையை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் புது விரிசல் வரும். பம்ப்பின் இரு பக்கமும் வளையும் ஹோஸ் கொஞ்ச நீளம் இருக்கட்டும். வீட்டுக் குழாய்க்கு இல்லாத அதிர்வு வேன் குழாய்க்கு உண்டு. வேலை முடிந்ததும் சால்வென்ட் வாடை போகும் வரை தண்ணீரை ஓடவிட்ட பிறகே குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டும்.

பம்ப் தலையோ ஃபில்டர் கிண்ணமோ உடைந்தால் ஒட்டிப் பயனில்லை. புதிதாகத்தான் மாற்ற வேண்டும். கேஸில் இயங்கும் ஹீட்டர் அடிபட்டிருந்தால் அதை மட்டும் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மறுபடி வராமல் தடுக்க...

இரவில் வண்டியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில், சூடில்லாமல் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கையும் ஹீட்டரையும் வடித்து, வெந்நீர், தண்ணீர் டேப்புகள் எல்லாவற்றையும் திறந்து, பம்ப்பைச் சில நொடிகள் ஓட்டி நிறுத்த வேண்டும். ஷவர் ஹோஸைக் கீழே தொங்கவிட வேண்டும். குடிக்க மட்டும் தனி கேனில் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம்.

உறையாமல் இருக்க ரேடியேட்டர் கூலன்ட்டை ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகால் என்ற விஷம். லேசாக இனிக்கும் என்பதால் குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. குடிநீர்க் குழாய்களுக்கென்றே, புரோப்பிலீன் கிளைகாலில் தயாராகும் திரவம் தனியாக இருக்கிறது. அது கிடைக்கவில்லை என்றால் குழாய்களைக் காலியாக விடுவதே பாதுகாப்பு.

குப்பனூர் சோதனை

சரிசெய்த வண்டியை நேராக இமயமலைக்கு ஓட்ட வேண்டாம். சேலம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குப்பனூர் சாலை நல்ல பரீட்சைக் களம். பாதி டேங்க் தண்ணீரோடு, பம்ப்பை ஓடவிட்டு அழுத்தம் ஏற்றி, மலை ஏறிப் பார்க்கலாம். கோடை விழா நாட்களில் மலையிலிருந்து இறங்கும் வாகனங்களை இந்தப் பக்கம் திருப்பிவிடுவது வழக்கம் என்பதால் அந்த நாட்களைத் தவிர்க்கவும்.

ஏற்காடு போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒருமுறை ஒற்றிப் பாருங்கள். இறங்கி வந்த பிறகு இன்னொரு முறை. இரண்டு தடவையும் பேப்பர் காய்ந்தே இருந்தால், அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கலாம். ஒரு கப்ளிங், ஒரு முழம் ஹோஸ், நான்கு கிளிப், டெஃப்லான் டேப் இவற்றை ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.