வேகத்துக்கு முன் ஒரு கணக்கு

குளுவாங் செம்பனைத் தோட்டச் சாலையில் ஆர்எக்ஸ்-ஸெட் சத்தம் கேட்டால் இன்றும் என் தலை திரும்பும். 133 சிசி, டூ-ஸ்ட்ரோக். கூடுதல் வேகம் கேட்கும் தம்பிகள் முதலில் வாங்குவது ரேஸ் எக்ஸாஸ்ட். நான் சொல்லும் வரிசை வேறு.

முதலில் கம்ப்ரஷனைப் பாருங்கள். தேய்ந்த பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றுங்கள். கிராங்க் சீல் வழியாக வெளிக்காற்று நுழைகிறதா என்று சோதியுங்கள். அதன் பிறகே ரீட் வால்வு, எக்ஸாஸ்ட். ஒவ்வொன்றையும் மாற்றியதும் கார்புரேட்டர் ஜெட்டைச் சரிபாருங்கள். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும், பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் அது உயிருக்கே ஆபத்து. ஓட்டத்தில் திடீரென இழுவை குறைந்தால் உடனே கிளட்ச்சைப் பிடியுங்கள்.

போர்ட் அரைப்பதைக் கடைசிக்கு வையுங்கள். ஜெட்டை மாற்றிக்கொள்ளலாம், அரைத்த இரும்பு திரும்பாது.